பல்லை வெளுக்க முன் வாயைக் காட்டுங்கள்

பல்லை வெளுப்பாக்கும் ஜெல்லும் அதனுடன் வாயில் கவ்விக்கொள்ளும் நீல வெளிச்சக் கருவியும் இன்று தொலைபேசியிலேயே வாங்கக் கிடைக்கின்றன. சுன்னாகத்தில் ஒரு கலியாணவீட்டுக்கு ஆயத்தமாகிறவர்கள் சந்தைக்குப் போய்த் தேட வேண்டிய பொருளல்ல அது; விளம்பரமே அவர்களைத் தேடி வருகிறது. வருவது பல்லைத் தேய்க்கும் பசையல்ல, இரசாயனம். அதன் வீரியம் எவ்வளவு, யார் கையால் பூசப்படுகிறது என்று எவரும் கேட்பதாகத் தெரியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

லண்டனிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவுகளைக் கேட்டுப் பாருங்கள். அங்கே பல் வெளுப்பாக்குதல் பல் மருத்துவமே என்று 2013 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதிவுபெறாதவர் அதைச் செய்தால் குற்றம். ஐரோப்பிய ஒன்றியம் 2011 இல் வகுத்த விதிப்படி, 0.1 சதவீதத்துக்கு மேல் ஐதரசன் பேரொட்சைட் உள்ள பொருளைப் பல் வைத்தியர் ஊடாகவே பாவிக்கலாம். அதுவும் 6 சதவீதம் வரைதான். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கூடாது. அங்கே சட்டம் மறிக்கும் அதே வேலையை இங்கே யாராவது அழகுக்கலையாகச் செய்ய முன்வந்தால், நாமும் வெளுத்ததெல்லாம் பால் என்று வாயைத் திறந்துவிடுகிறோம்.

பெட்டியில் போட்டிருக்கும் எண்ணையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 35 சதவீதம் என்றிருந்தால், எதில் 35 என்பதில்தான் விஷயம். கார்பமைட் பேரொட்சைட் என்றால் அதிலிருந்து வெளிவரும் ஐதரசன் பேரொட்சைட் ஏறத்தாழ 12 சதவீதம். நேரடியாக ஐதரசன் பேரொட்சைட்டே 35 என்றால் அது கிட்டத்தட்ட மூன்று மடங்கு. முரசில் பட்டால் சில நிமிடங்களில் சதை வெளிறி, பிறகு எரிவெடுக்கும். பல் வைத்தியர் இதைப் பாவிக்கும்போது முதலில் முரசின் ஓரம் முழுக்க ஒரு பிசினைப் பூசி, ஒளி காட்டி இறுக வைத்து, அதன் பிறகே ஜெல்லைத் தொடுவார். சூத்தையோ வெடிப்போ உள்ள பல்லில் ஜெல் ஊறினால் நரம்பு வரை கூசும். அடைத்த பல்லும் போட்ட செயற்கைப் பல்லும் எத்தனை தடவை பூசினாலும் நிறம் மாறாது. முன்பல்லில் அடைப்புள்ளவருக்கு அக்கம்பக்கம் வெளுத்து, அடைப்பு மட்டும் மஞ்சளாகத் துருத்தி நிற்கும்.

விளம்பரப் படத்தின் சூட்சுமமும் தெரிந்திருக்க வேண்டும். ஜெல் பூசி வாயைத் திறந்தே வைத்திருக்கையில் பல் ஈரம் வற்றி, உள்ளதைவிட வெள்ளையாகத் தோன்றும். படம் எடுப்பது அந்த நேரத்தில்தான். ஓரிரு நாளில் ஈரம் திரும்பியதும் நிறம் ஒரு படி இறங்கிவிடும்.

தேசிக்காயும் அப்பச்சோடாவும், உமிக்கரி, கரிப்பற்பசை என்று வீட்டு வைத்தியம் சொல்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பல்லின் மேலுள்ள மிளிரி ஒருமுறை தேய்ந்தால் திரும்ப வளராது. அதன் கீழே இருக்கும் பன்முதலின் இயல்பான நிறமே மஞ்சள். புளியால் அரித்துக் கரியால் தேய்க்கத் தேய்க்க அந்த மஞ்சள்தான் வெளியே தெரிய வரும்.

இவை எல்லாவற்றையும்விட எம்மை உறுத்துவது வேறொன்று. எங்கள் ஊர்ப் பல்லில் உள்ள கறை பெரும்பாலும் தேநீருடையது அல்லது வெற்றிலையுடையது. வெறும் காவி என்றால் பல் வைத்தியர் சுரண்டிச் சுத்தம் செய்வதே போதும். வெளுப்பாக்கும் மருந்தே தேவைப்படாது. ஆனால் வெற்றிலைக் கறை உள்ள வாயில் பார்க்க வேண்டியது பல்லை மட்டுமல்ல. பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் வகைப்படுத்தியது. புகையிலை சேராத வெறும் பாக்கும் அதில் அடங்கும். இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். மெல்லும் புகையிலைப் பொருட்களை அரசு 2016 இல் தடைசெய்தது. வெற்றிலைத் தட்டம் இன்னும் ஒவ்வொரு சபையிலும் சுற்றுகிறது.

உறைப்புக் கறி பட்டால் வாய் எரிகிறது, முன்போல் அகலத் திறக்க முடியவில்லை, கன்னத்தின் உட்புறம் சுரண்டினாலும் போகாத வெள்ளைப் படலம், இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண். வாயைப் பார்க்கப் படித்தவர் இவற்றைக் கண்டதும் வெளுப்பாக்கும் பேச்சையே நிறுத்திவிடுவார். ஜெல் பூச மட்டும் பழகியவருக்குத் தெரிவது முன்பற்கள் எட்டும்தான். கறை போய்விட்டால் வீட்டாரும் வெற்றிலையை மறந்துவிடுவார்கள், வைத்தியரிடம் போகச் சொல்லவும் ஆளிருக்காது. காங்கேசன்துறை வீதியில் மல்லாகம் தாண்டினால் தெல்லிப்பழை. 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து திரட்டிய பணத்தில் எழுந்த புற்றுநோய் வைத்தியசாலை அங்கேதான் இருக்கிறது. பிந்தி வந்த நோயின் செலவு என்னவென்று அங்கே போய்வந்த குடும்பங்களுக்குத் தெரியும்.

சுன்னாகம், கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது தண்ணீரில் என்ன இருக்கிறது என்று விடாமல் கேட்ட ஊர். அது தொடர்பான வழக்கில், எண்ணெய் கலக்கக் காரணமான மின் நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2019 ஏப்ரலில் உத்தரவிட்டது. அதே கேள்வியை வாய்க்குள் போகும் ஜெல்லுக்கும் கேட்க வேண்டும். 1980 ஆம் ஆண்டின் அழகுசாதன, ஔடதச் சட்டத்தை நீக்கி 2015 இல் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையை அமைத்தார்கள். இந்த ஜெல் அழகுசாதனமா ஔடதமா, 6 சதவீதத்துக்கு மேற்பட்டதை விற்க யாருக்கு அனுமதி என்பதை அந்த அதிகாரசபை வெளிப்படையாக அறிவிக்கட்டும். வீரியத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடாத பெட்டிகளைப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை கடைகளிலிருந்து எடுக்கட்டும். பொதுச் சுகாதார பரிசோதகர்கள் உணவகங்களுக்குள் நுழைவதுபோல், பல்லுக்கு ஜெல் பூசும் இடங்களுக்குள்ளும் நுழைந்து, பூசுகிறவரின் மருத்துவ சபைப் பதிவைக் கேட்க வேண்டும். அடுத்த கலியாண மாதத்துக்கு முன் இது நடக்க வேண்டும்.