துடைப்பமும் சேரி மொழியும்

துடைப்பத்திலிருந்து தொடங்குவோம். 2005 செப்டம்பரில் நடிகை குஷ்பு ஒரு பத்திரிகைப் பேட்டியில், படித்த ஆண்கள் தங்களுக்கு வரப்போகிற மனைவி கன்னியாக இருக்கவேண்டுமென்று எதிர்பார்க்கக் கூடாது என்கிற பொருளில் பேசினார். கல்யாணத்துக்கு முன்னால் உறவு கொள்கிறவர்கள் கர்ப்பமோ நோயோ வராமல் பார்த்துக்கொள்ள வேண்டுமென்றும் சேர்த்துச் சொன்னார். அவ்வளவுதான். தமிழ்ப் பெண்களின் கற்பு போச்சு என்று தமிழ்நாடே கிளம்பிவிட்டது. கேமராவுக்கு முன்னால் செருப்பும் துடைப்பமும் ஆடின. ஊர் ஊராக வழக்கு. பாட்டாளி மக்கள் கட்சிக்காரர்கள் நின்றார்கள், பக்கத்திலேயே விடுதலைச் சிறுத்தைகளும் நின்றார்கள். அந்த வழக்குகள் அத்தனையையும் 2010 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் ரத்து செய்தது.

2023 நவம்பர். ஒரு நடிகர் தன் சக நடிகையைப் பற்றி அசிங்கமாகப் பேசினார். அப்போது தேசிய மகளிர் ஆணைய உறுப்பினராக இருந்த குஷ்பு அதைக் கண்டித்தார். சரியான காரியம். மணிப்பூர்ப் பெண்களுக்கு ஏன் வாய் திறக்கவில்லை என்று சமூக ஊடகத்தில் கேள்வி வந்தபோது, உங்களைப் போல 'சேரி மொழி'யில் எனக்குப் பேச வராது என்கிற தோரணையில் பதில் போட்டார். எதிர்ப்பு கிளம்பியதும், பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு அன்பு என்று பொருள் என்றார். புதுச்சேரிக்காரர்கள் சிரித்திருப்பார்கள்.

இரண்டு சம்பவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் தோழர்களே. ஒரு பெண்ணின் மானத்துக்காகப் பேசுகிற வாய், அதே மூச்சில் சேரியை மிதிக்கிறது. சேரியின் மானத்துக்காகப் பேசுகிற கை, ஒரு பெண்ணைப் பார்த்துத் துடைப்பத்தைத் தூக்குகிறது. இரண்டாவதைப் பற்றி நம் பத்திரிகைகளில் அதிகம் பேசுவதில்லை. பேசித்தான் ஆகவேண்டும். அந்தத் துடைப்பம் யாருடையது? விடியற்காலையில் நகராட்சித் தெருவைக் கூட்டுகிற அருந்ததியப் பெண்ணின் கையில் அது வேலைக் கருவி. அதை இன்னொரு பெண்ணைக் கேவலப்படுத்துகிற பொருளாகத் தூக்கிப் பிடிக்கும்போது, கூட்டுகிற வேலையும் கூட்டுகிறவளும் கேவலம் என்கிற சாதிக்காரனின் தீர்ப்பில் நாமும் கையெழுத்துப் போட்டதாகிறது.

என்ன மொழி இந்தச் சேரி மொழி? 'சேரி' என்றால் பழைய தமிழில் குடியிருப்பு, அவ்வளவே. ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டில் கம்மாணச்சேரியும் உண்டு, பறைச்சேரியும் உண்டு, தீண்டாச்சேரி என்றே ஒன்றும் உண்டு. மற்ற சேரிகளெல்லாம் தெருவாகி, நகராகி மரியாதைப்பட்டுப் போக, சொல் நம் தலையில் மட்டும் நின்றுவிட்டது. இன்றைக்கு 'சேரி மொழி' என்று சொல்கிறவர் மனசில் இருப்பது ஒரு படம். குழாயடி. குடம். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உரக்கப் பேசுகிற ஒரு பெண். ஆண் இல்லை, பெண். இதைக் கவனிக்க வேண்டும். சேரி ஆண் பேசினால் ரவுடி, சேரிப் பெண் பேசினால் அது ஒரு மொழி!

நான் வேலை பார்க்கிற வங்கிக் கிளையில் முதியோர் உதவித்தொகை எடுக்க வருகிற பாட்டிகள் சத்தமாகத்தான் பேசுவார்கள். நூறடி தள்ளி வரப்பில் நிற்கிறவளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை அது. கண்ணாடித் தடுப்புக்குள்ளிருந்து ஒருவர், "ஏம்மா, இதென்ன சேரியா, பேங்க்கா?" என்று அதட்டினார். அதட்டிவிட்டு என் பக்கம் திரும்பி, "ஒங்களச் சொல்லல மேடம்" என்றார். இந்த 'ஒங்களச் சொல்லல' இருக்கிறதே, சமத்துவம் பேசுகிற எல்லா அலுவலகங்களிலும் இது புழக்கத்தில் இருக்கிற நாணயம்.

வசவுகளுக்கு வருவோம். கிராமத்தில் இன்னும் காதில் விழுகிற ஒரு ஏச்சு: 'அறுத்துக்கட்டுற சாதி'. புருசன் செத்தால், அல்லது ஒத்துவராமல் போனால், தாலியை அறுத்துவிட்டு வேறொருவனைக் கட்டிக்கொள்ளும் பழக்கமுள்ள சாதி என்று அர்த்தம். தலித்துகளிடமும் உழைக்கிற பல சாதிகளிடமும் இருந்த பழக்கம் இது. சமூகச் சீர்திருத்தவாதிகள் மேடை போட்டு, சங்கம் வைத்து, சட்டம் கேட்டுப் போராடிய விதவை மறுமணம் நம் பாட்டிகளுக்குச் சாதாரண நடைமுறை. ஆனால் அந்தச் சுதந்திரம்தான் இழிவுக்கு அடையாளம்! அந்தப் பக்கம் மேல்சாதி விதவைக்கு 'முண்டை'. மொட்டையடிக்கப்பட்டவள் என்கிற வடமொழிச் சொல்லிலிருந்து வந்த வசவு. அறுத்துக் கட்டினால் கீழ்சாதி, கட்டாமல் இருந்தால் முண்டை. நம்மில் நாலு எழுத்துப் படித்து, நாலு காசு பார்த்த குடும்பங்கள் முதல் வேலையாக எதைச் செய்தன? அறுத்துக்கட்டும் வழக்கத்தை விட்டொழித்து, 'எங்க வீட்லயும் அந்தப் பழக்கமெல்லாம் இல்லீங்க' என்று பெருமை பேசின. சாதியில் ஏறுவதற்கான படிக்கட்டாகப் பெண்ணின் உடம்பைப் போட்டார்கள்.

அம்பேத்கர் 1916இலேயே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையில் இதைத்தான் பிரித்துக் காட்டினார். சதி, கட்டாய விதவைக்கோலம், குழந்தை மணம் மூன்றும் சாதிக்கு வெளியே பெண் போய்விடாமல் பார்த்துக்கொள்ள உண்டான ஏற்பாடுகள் என்றார். நம் மேடைகளில் அம்பேத்கரின் அரசியல் சட்டம் பேசப்படுகிற அளவுக்கு இந்தக் கட்டுரை பேசப்படுவதில்லை.

இன்னொரு சொல், 'சண்டாளி'. ஒப்பாரியில் வரும், தாய் மகளைத் திட்டும்போது வரும், சினிமாவில் காதலன் காதலியைக் கொஞ்சுகிற பாட்டிலும் வரும். 2024 ஜூலையில் தமிழ்நாடு ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் இந்தச் சொல்லை வசவாகப் புழங்கக் கூடாது என்று சொன்னது. நல்லது. ஆனால் இது சாதிப் பெயர் என்கிற அளவோடு அந்த விவாதம் முடிந்துபோனது. மனுவின் கணக்குப்படி சண்டாளர் யார்? பார்ப்பனப் பெண்ணுக்கும் சூத்திர ஆணுக்கும் பிறந்த பிள்ளை. மேல்சாதிப் பெண் கீழே பார்த்து ஒருவனை விரும்பினால், அவள் வயிற்றில் பிறப்பதற்கு ஊருக்கு வெளியே இடம், பிணத்தின் துணி, உடைந்த சட்டியில் சோறு. ஆண் கீழே இறங்கிப் போனால் இத்தனை பெரிய தண்டனை இல்லை. ஆக, அந்தச் சொல்லுக்குள் சாதி மட்டும் இல்லை, ஒரு பெண் தானாகத் தேர்ந்தெடுத்த காதலும் செத்துக் கிடக்கிறது. 1927 டிசம்பர் 25 அன்று மகாடில் மனுஸ்மிருதிக்கு வைத்த தீ இந்தச் சொல்லுக்கும் சேர்த்து வைத்ததுதான். கண்ணகி-முருகேசன், இளவரசன், கோகுல்ராஜ், உடுமலை சங்கர் என்று நாம் சுவரொட்டி ஒட்டுகிற ஒவ்வொரு முறையும் அந்தப் பழைய கணக்குதான் திரும்பப் போடப்பட்டிருக்கிறது.

இலக்கியம் என்ன செய்தது? ஜெயகாந்தனின் 'அக்னிப் பிரவேசம்' 1966இல் வந்தபோது, ஒரு மழைநாளில் காரில் கெடுக்கப்பட்ட பார்ப்பன மாணவியைத் தாய் தலையில் தண்ணீர் ஊற்றி ஏற்றுக்கொண்டது சரியா என்று தமிழ்நாடே பட்டிமன்றம் நடத்தியது. அந்த வாதத்திலிருந்து 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்கிற பெரிய நாவலே பிறந்து, சாகித்ய அகாதமிப் பரிசும் வாங்கியது. அந்த நாவலின் கங்கா தமிழில் மறக்கமுடியாத பெண்தான், மறுக்கவில்லை. ஆனால் களத்துமேட்டில், மாட்டுக் கொட்டகையில், பண்ணை வீட்டுப் பின்கட்டில் நடந்ததற்கு எந்தத் தாய் எந்தத் தண்ணீரை ஊற்றினாள் என்று யாரும் பட்டிமன்றம் வைக்கவில்லை. அவளுக்குப் போக ஒரு கற்பு இருப்பதாகவே யாரும் நினைக்கவில்லை போலிருக்கிறது.

இதைவிட மோசம் 'குருதிப்புனல்'. 1968 டிசம்பர் 25, கீழவெண்மணி. கூலி உயர்வும் செங்கொடிச் சங்கமும்தான் பிரச்சினை. ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள், பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். இந்திரா பார்த்தசாரதி 1975இல் அதை நாவலாக்கியபோது, மிராசுதாரின் வெறிக்கு அடியில் அவருடைய ஆண்மைக் குறைவைக் கொண்டுபோய் வைத்தார். அரைப்படி நெல் கேட்டதற்கு எரித்தார்கள் என்பது போய், ஆண்மை இல்லாததால் எரித்தான் என்றாகிவிட்டது. அதற்கும் சாகித்ய அகாதமிப் பரிசு. இடதுசாரிகள் அன்றே கண்டித்தார்கள், வர்க்கத்தை மறைக்கிறார் என்று. நாம் இன்னொன்றையும் கேட்போம். ஆண்மை நிறைய இருக்கிற மிராசுதார்கள் சேரியை எரிக்காமல் விட்டார்களா? சேரிப் பெண்களிடம் அந்த ஆண்மையை எப்படிக் காட்டினார்கள்? பெரியாரின் 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் கடைசி அத்தியாயம், பெண் விடுதலைக்கு 'ஆண்மை' அழியவேண்டும் என்பது. அதைப் படித்த தமிழ்நாட்டில்தான் ஆண்மை மருந்தாகவும் விளக்கமாகவும் விற்கிறது.

சினிமாவைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. 'பட்டிக்காடா பட்டணமா' (1972) தொடங்கி 'மன்னன்' (1992), 'படையப்பா' (1999) வரை படித்த பெண்ணை, பணக்காரப் பெண்ணை, தானாகக் காதலைச் சொல்கிற பெண்ணை அடக்குகிற ஒரே கதைதான். நம் பையன்களும் விசிலடித்துத்தான் பார்த்தார்கள். 'புதிய பாதை' (1989) இன்னும் ஒரு படி மேலே போய், கெடுத்தவனையே தேடிவந்து திருத்திக் கல்யாணம் செய்துகொள்கிற பெண்ணைக் காட்டியது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது கொடுத்தார்கள்.

நம் ஆட்கள் எடுக்கிற படங்கள்? 'பரியேறும் பெருமாள்' (2018) படத்தில் பெண் வேடமிட்டு ஆடுகிற அப்பாவை வேட்டியை உருவி நடுரோட்டில் ஓட விடுகிறார்கள். தலித் ஆணை அவமானப்படுத்த அவன் பெண்ணைப் போல இருக்கிறான் என்பதே போதுமானதாக இருப்பதை அந்தக் காட்சி மாதிரி வேறெதுவும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் படத்தின் நாயகி ஆதிக்கசாதிப் பெண். 'கர்ணன்' (2021) பேருந்து நிற்காத ரோட்டில் செத்துக் கிடக்கிற சிறுமியோடு ஆரம்பிக்கிறது. தலித் பெண் செத்தவளாக, தாயாக, தெய்வமாக வருகிறாள். கோபப்படுகிறவளாக வருவது குறைவு. அதனால்தான் ரஞ்சித்தின் 'காலா' (2018) படத்தில் புயல் என்கிற அந்தப் பெண் நிற்கிறாள். கலவரத்தில் போலீஸ்காரர்கள் அவள் கால்சட்டையை உருவிப் போடுகிறார்கள். கீழே துணியும் கிடக்கிறது, தடியும் கிடக்கிறது. அவள் தடியை எடுக்கிறாள். மானம் போனால் உயிர் போச்சு என்று நூறு வருஷமாக அழுத தமிழ்த் திரைக்கு அது சில நொடிப் பதில்.

அந்தப் பதிலைச் சினிமாவுக்கு முன்னாலேயே பாமா எழுதிவிட்டார். 'சங்கதி' (1994) நாவலில் ராக்கம்மா, அடிக்கிற புருசனிடமிருந்து தப்பிக்க நடுத்தெருவில் நின்று காது கூசுகிற வார்த்தைகளைக் கொட்டுகிறாள், சேலையையே தூக்கிவிடுகிறாள். பார்க்கிறவர்களுக்கு அருவருப்பு. அப்படிச் செய்யாவிட்டால் அவன் அவளைக் கொன்றே போட்டிருப்பான் என்பது கதை சொல்கிறவளுக்குப் பிறகுதான் உறைக்கிறது. இதுதான் அய்யா சேரி மொழி. போலீஸ் ஸ்டேஷன் ஏறமுடியாதவள், பஞ்சாயத்தில் உட்கார இடமில்லாதவள், தன் உயிருக்குப் போட்டுக்கொண்ட வேலி. ராக்கம்மாவை அடித்தவன் மேல்சாதிக்காரன் இல்லை என்பதையும் படிக்கிறவர்கள் மறந்துவிடக் கூடாது. சிவகாமியின் 'பழையன கழிதலும்' (1989) நாவலில் ஆதிக்கசாதிக்காரர்களிடம் அடிபட்டு வருகிற தங்கத்துக்காக நியாயம் கேட்டுப் போராடுகிற தலித் தலைவர் காத்தமுத்து, கடைசியில் அவளையும் தன் மனைவியருள் ஒருத்தியாக்கிக்கொள்கிறார். தலித்துகளைக் காட்டிக்கொடுக்கிறார் என்று அன்றைக்குச் சிவகாமி மீது பாய்ந்தவர்கள் உண்டு. காத்தமுத்துகள் இன்னும் நம் கூட்டங்களுக்குத் தலைமை தாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நம் மேடை மொழியைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். 'ஆம்பளையா இருந்தா நேர்ல வா.' 'பொட்டத்தனமா பின்னாலருந்து குத்துறான்.' 'வளையல் போட்டுக்கிட்டு வீட்ல இரு.' அதிகாரிக்கு வளையலும் சேலையும் அனுப்புகிற போராட்டத்தை, கொடுமை, நம் பெண்களைக்கொண்டே நடத்துகிறார்கள். நாற்று நட்டு, கல் உடைத்து, பிள்ளை பெற்று, ஊர்வலத்தில் முதல் வரிசையில் நின்று தடியடி வாங்குகிற கைகளில்தான் அந்த வளையல் கிடக்கிறது. வசவுச் சொற்களுக்கு இலக்கியத்தில் இடம் கேட்டு 1990களில் நமக்கு முன்னால் வந்தவர்கள் போட்ட சண்டை நியாயமான சண்டை. பண்டிதத் தமிழின் பூணூலை அது அறுத்தது. ஆனால் ராக்கம்மா வாயில் வருகிற வசவும், நாலு ஆண்கள் டீக்கடையில் உட்கார்ந்து எதிரியின் அம்மாவையும் அக்காவையும் இழுத்துப் போடுகிற வசவும் ஒன்றா? இரண்டையும் 'கலகம்' என்று ஒரே பையில் போட்டுக் கட்டுவதை ஏற்கமுடியாது.

இந்த இதழுக்கு வந்த ஒரு கவிதையைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம். சாதி வெறியர்களைச் சாடுகிற கவிதை, வேகமான நல்ல கவிதை. ஆனால் அவர்களைச் சாட வேறு வழியில்லாமல் மூன்று இடத்தில் அவர்களின் தாய்மாரின் ஒழுக்கத்தையும், ஒரு இடத்தில் திருநங்கைகளையும் இழுத்திருந்தார் கவிஞர். மாற்றித் தரக் கேட்டோம். தோழருக்குக் கோபம். "அப்ப எப்டித்தான் திட்டுறது, நீங்களே சொல்லுங்க" என்று எழுதியிருக்கிறார்.

நியாயமான கேள்விதான். வாசகர்கள் அவருக்கு உதவ வேண்டும். உங்கள் ஊர்க் கிழவிகளிடம் கேளுங்கள், களையெடுக்கிற இடத்தில் கேளுங்கள், விடுதி அறைகளில் யோசித்துப் பாருங்கள். பெண்ணின் உடம்பு வழியாகவும் சேரி வழியாகவும் போகாத, ஆனால் மண்டையில் நச்சென்று விழுகிற வசவுகள் எத்தனை தேறுகின்றனவோ எழுதி அனுப்புங்கள். எந்த ஊர், யார் யாரை எப்போது திட்டியது என்கிற விவரமும் வேண்டும். அடுத்த இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். கவிதையையும் அந்தப் பக்கங்களிலேயே போடலாம் என்று தோழருக்குப் பதில் எழுதியாயிற்று.