அடையாளமும் ஆராய்ச்சியும்

ஒருவரைப் போன்ற உருவுடைய மற்றொருவர் அவரிடத்தை மறைவாகக் கைக்கொண்டார் என்னுங் கதை மக்கள் செவிக்கு என்றும் இனிப்பது. கதையாக இருக்கும் வரை அதனாற் கேடில்லை. செய்தியென நம்பப்படும்போதே அஃது அறிவுக்குப் பகையாகின்றது. ஆங்கில நாட்டு இசைவாணர் போல் மக்கார்ட்னியைப் பற்றி எழுந்த வதந்தி இதற்கு ஏற்ற உதாரணமாகும்.

லிவர்பூல் நகரிலே தோன்றி உலகப் புகழெய்திய பீற்றில்ஸ் குழுவினருள் ஒருவராகிய இவர் 1942இற் பிறந்தவர். 1966இல் மோட்டார் விபத்தில் இவர் இறந்தார் என்றும், இவரைப் போன்ற ஒருவரைக் குழுவினர் இவரிடத்தில் நிறுத்தினர் என்றும் 1969இல் அமெரிக்க மாணவரிடையே ஒரு பேச்சுப் பரந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் 12ஆந் திகதி நேயர் ஒருவர் டெட்ரொயிற் வானொலி நிலையமொன்றுக்குத் தொலைபேசியில் இதனைக் கூறினார். இரண்டு நாட் கழித்து, மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர் பத்திரிகையில் ஒரு மாணவர் இதனை வேடிக்கையாக விரித்தெழுதிப் போலியானவருக்குப் பெயருஞ் சூட்டினார். அப்பெயர் தமது கற்பனையே என அவர் பின்னர் ஒப்புக்கொண்டார். கதையோ அவர் கைகடந்து போயிற்று.

இனி, காட்டிய சான்றுகளை நோக்குவோம். ‘அபி றோட்’ இசைத்தட்டின் உறைப்படத்தில் நால்வர் வீதியைக் கடக்கின்றனர். மக்கார்ட்னி மட்டும் வெறுங்காலுடன் நடக்கின்றார். ஆதலின் அவர் இறந்தவரென்றனர். அங்கு நின்ற வண்டியின் இலக்கத்தகட்டைப் படித்து, ‘இருந்தால் வயது 28’ எனப் பொருள் கண்டனர். அவருக்கு அப்போது வயது 27. கணக்குப் பிழைத்தும் அவர்கள் கலங்கினாரல்லர். கருவிலிருந்த காலத்தையுஞ் சேர்த்தெண்ணுக என்றனர்.

நிற்க. தமயந்தியின் சுயம்வரத்திலே தேவர் நால்வர் நளனுருக் கொண்டு வந்திருந்தமையை நாம் படித்துள்ளோம். இமைக்குங் கண்ணாலும், நிலந்தோயும் அடியாலும், வாடிய மாலையாலும் அவள் மெய்யான நளனைத் தெரிந்தாள். அவை மானிடர்க்குப் பொருந்தித் தேவர்க்குப் பொருந்தாத அடையாளங்கள், ஆதலாற் சான்றாயின. வெறுங்காலோ உயிருள்ளார்க்கும் உரியது. வெப்பமான நாளாதலின் அவ்வாறு நடந்ததாக மக்கார்ட்னியே கூறினார்.

‘லைஃப்’ சஞ்சிகையார் ஸ்கொட்லாந்திலிருந்த அவரது பண்ணைக்குச் சென்று கண்டு, 1969 நவம்பர் 7ஆந் திகதியிட்ட இதழிற் படத்துடன் செய்தி வெளியிட்டனர். பலர் தெளிந்தனர். எஞ்சியோரோ, பேட்டியளித்தவரே போலி என்றனர். வழு இங்கேயே உளது. அவர் மௌனமாயிருப்பின் குற்ற ஒப்புதல். மறுப்பின் கற்பித்த பாடம். எதனாலும் மறுக்கவியலாதவாறு அமைத்த கொள்கை வலிய கொள்கையன்று; ஆராய்ச்சிக்கு உட்பட மறுக்குங் கொள்கையேயாம்.

இவ்விளையாட்டால் யாருக்கு என்ன நட்டம் எனச் சிலர் வினவலாம். மக்கார்ட்னியும் 1993இல் அதே வீதிக்கடவையில் எடுத்த படத்தைத் தம் இசைத்தட்டின் உறையாக்கி நகைத்தார் என்பது மெய்யே. ஆயினும், உயிரோடிருக்கும் ஒருவர் தாம் உயிரோடிருப்பதை நிறுவவேண்டிய நிலை இழிவன்றோ? இசைவாணர் திறத்தில் இவ்வாறு எண்ணிப் பழகிய மனம், மருத்துவர் சொல்லையும் அயலார் சொல்லையும் நாளை அவ்வாறே நோக்கும்.

ஆதலின், மாணாக்கர் எவ்வதந்தியைக் கேட்பினும் அதற்கு ஆதாரம் யாதென வினவுவதோடு அமையாது, இது பொய்யாயின் அதனை எவ்வாறு அறியலாம் எனவும் வினவுக. அதற்கு மறுமொழி கூற இயலாதவரிடம் அச்செய்தியை வாங்கிப் பிறர்க்கு வழங்காதொழிக.