மாட்டுக்கு வந்த ஊசி குழந்தைக்கு ஏன் வரவில்லை?

மத்திய ஆப்பிரிக்காவின் சாட் நாட்டில், 1990களின் இறுதியில் நாடோடி மேய்ப்பர்களின் உடல்நலத்தைச் சுவிட்சர்லாந்து, சாட் ஆய்வாளர்கள் ஆராய்ந்தனர். மாடுகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டிருந்தது. அவற்றை மேய்க்கும் குடும்பங்களிலோ எல்லாத் தடுப்பூசிகளையும் முழுமையாகப் பெற்றிருந்த குழந்தை ஒன்றுகூட இல்லை.

பெற்றோரின் அறியாமை என்று இதைத் தள்ளிவிட முடியாது. மந்தையை ஓட்டிவந்து ஊசிக்கு நிறுத்தியவர்களும் அதே பெற்றோர்தான். வேறுபாடு அரசாங்கம் வந்த விதத்தில் இருந்தது. கால்நடை மருத்துவக் குழு மந்தை நிற்கும் இடத்தைத் தேடிப்போனது. மருந்தகமோ ஓரிடத்தில் இருந்துகொண்டு மக்கள் வரட்டும் என்று காத்திருந்தது.

மழைக்காலத்தில் வடக்கே சாஹேல் புல்வெளி, வறட்சிக் காலத்தில் தெற்கே நீர்நிலைகள். இப்படி நகரும் குடும்பத்துக்கு அந்தக் காத்திருப்பால் பயனில்லை. கக்குவான் இருமல், டெட்டனஸ் போன்றவற்றுக்கான ஊசியைக் குறைந்தது நான்கு வார இடைவெளியில் மூன்று முறை போட வேண்டும். முதல் ஊசி போட்ட இடத்தில் இரண்டாவது ஊசிக்கு அந்தக் குடும்பம் இருக்காது. குழந்தைக்காகப் பின்தங்கினால் மந்தைக்குப் புல் கிடைக்காது. மந்தை போனால் வீட்டில் பாலும் இல்லை, வருமானமும் இல்லை.

தீர்வு எளிமையாகவே இருந்தது. 2000ஆம் ஆண்டு முதல் கால்நடைக் குழுவும் சுகாதாரக் குழுவும் ஒன்றாகப் புறப்பட்டன. வாகனமும் குளிர்ப்பெட்டியும் பொது. மாட்டுக்கு ஊசி போடும் நாளில் குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் ஊசி கிடைத்தது. இரு துறைகளும் செலவைப் பகிர்ந்துகொண்டன. இவ்வளவு காலம் இது தோன்றாமல் போனதற்கு, இரண்டும் வெவ்வேறு அமைச்சுகள் என்பதைத் தவிர வலுவான காரணம் தெரியவில்லை.

விடுபட்டவர்கள் விடுபட்டே இருந்தால் நோய் எல்லை தாண்டும். நைஜீரியாவிலும் நாடோடிக் குடியிருப்புகளைத் தேடிக் கணக்கெடுத்த பிறகே போலியோ ஒழிப்பில் பெரிய இடைவெளி ஒன்று அடைபட்டது. 2020 ஆகஸ்ட் 25இல் ஆப்பிரிக்க வட்டாரம் இயற்கைப் போலியோ கிருமியிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

ஆனால் கூட்டுப் பயணம் எல்லாவற்றுக்கும் உதவாது. பிரசவ வலி வாகனத்தின் வருகை நாளைப் பார்த்து வருவதில்லை. காசநோய்க்கு வழக்கமாக ஆறு மாதம் விடாமல் மருந்து உட்கொள்ள வேண்டும். தொடர்ந்து இரண்டு மாதம் மருந்து நின்றால், நோயாளி பதிவேட்டில் ‘தொடர்பு அறுந்தவர்’ ஆகிவிடுவார். மேய்ப்பர் அதே மருந்தை அடுத்த மாவட்டத்தில் கேட்டு வாங்க வழியிருக்கிறதா என்று அந்தப் பதிவேடு சொல்வதில்லை. நோயாளியின் கையில் ஓர் அட்டையும், அதை ஏற்கும் மருந்தகங்கள் மந்தை செல்லும் பாதை நெடுகிலும் இருந்தால் போதும். அதற்கு மாவட்ட எல்லைகளைத் தாண்டிய ஒரு பதிவு முறை வேண்டும்.