பெற்றவளைப் பேச விடுங்கள்

பிள்ளைகளின் வளர்ச்சியைச் சோதிப்பவர்களே, பெற்ற எங்களிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டீர்களா? மூன்று வயதாகியும் நடக்காத, பேசாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்தமானின் பாராடாங் தீவிலிருந்து போர்ட் பிளேருக்கு வருவது எப்படிப்பட்ட பாடு என்று உங்களில் யாருக்காவது தெரியுமா? நிலாம்பூர் ஜெட்டியில் ஃபெர்ரி பிடித்து, மிடில் ஸ்ட்ரெயிட்டில் இறங்கி, வண்டிகளைக் கூட்டமாக அழைத்துப்போகும் கான்வாய் கிளம்பும்வரை காத்துக் கிடக்க வேண்டும். ஜாரவா பழங்குடியினரின் காட்டுக்குள் வண்டியை நிறுத்தக் கூடாது. பிள்ளை வாந்தியெடுத்தாலும் மடியில் போட்டுக்கொண்டு காடு முடியும் ஜிர்காடாங் வரை போக வேண்டியதுதான். இத்தனையும் பட்டு வந்தால் உங்கள் மேசைக்கு முன்னால் எங்களுக்குக் கிடைப்பது பத்து நிமிடம்.

அந்தப் பத்து நிமிடத்தில், சோதித்த அம்மா இந்தியில் அவனைக் கூப்பிட்டார். அவன் திரும்பவில்லை. கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று உடனே படிவத்தில் எழுதிவிட்டார். எங்கள் வீட்டில் பேசுவது தமிழ். தமிழில் கூப்பிட்டால் திரும்புவான், அடுப்படியில் தாளிக்கும் சத்தம் கேட்டாலே சப்புக்கொட்டுவான் என்று சொல்ல வாயெடுத்தேன். குறுக்கே பேசாதே என்று அடக்கிவிட்டார். ராப்பகலாக அவனோடு கிடப்பவள் நான். நான் பார்த்தது எதுவும் அந்தக் காகிதத்தில் ஏறவில்லை.

அதற்கு முன்னால் வேறோர் இடத்தில், “ஆம்பிளைப் பிள்ளை, லேட்டாத்தான் பேசும்” என்று அனுப்பிவைத்தார்கள். அதை நம்பி ஒரு வருஷம் போனது. அந்த வருஷத்தை யார் திருப்பித் தருவார்கள்?

அங்கன்வாடிக் குழந்தைகளை வருஷத்துக்கு இரண்டு முறை சோதித்து, வளர்ச்சித் தாமதத்தையும் கண்டறிய வேண்டும் என்று 2013-லேயே மத்திய அரசு திட்டம் போட்டது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ இலவசக் கல்வியை 6 வயதிலிருந்துதான் உரிமையாக்குகிறது. மூளை வேகமாக வளரும் பருவம் அதற்குள் போய்விடுகிறதே!

எல்லாரையும் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். பிசியோதெரபி தம்பி ஒருவர் தரையில் உட்கார்ந்து, என்னைக் கால் நீட்டச் சொல்லி, என் தொடைமேல் அவனை நிமிர்த்தி உட்காரவைக்க என் கையாலேயே பழக்கினார். வீட்டில் எப்படிச் சோறூட்டுகிறீர்கள் என்றும் கேட்டார். அவரும் மாற்றலாகிப் போய்விட்டார்.

தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கத்தின் பணியாளர்கள், கிராமங்களில் வீட்டுக்கே போய்த் தாய்க்குச் சொல்லித்தருகிறார்கள். அங்கே முடிகிறது, இங்கே ஏன் முடியாது?

மாதம் ஒரு நாள் பாராடாங்குக்கு வாருங்கள். ஓர் அறை போதும், பாய் நாங்கள் கொண்டுவருகிறோம். வந்ததும் முதலில் பெற்றவளிடம் கேளுங்கள், அதற்கப்புறம் உங்கள் படிவத்தை எழுதுங்கள்.