சட்டம் கேட்பதைக் காப்புறுதி மறுக்கலாமா?

1971 ஜூலை 30 அன்று கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் சிங்கப்பூரின் முதல் பால்மாற்று அறுவைச் சிகிச்சை நடந்தது. அதைச் செய்த மருத்துவர் குழுவின் தலைவர் பேராசிரியர் எஸ். எஸ். ரத்னம், இலங்கையில் பிறந்த தமிழர். நம் மாணவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

1973 முதல், இச்சிகிச்சையை முடித்தவர்கள் அடையாள அட்டையில் பாலினத்தை மாற்றிக்கொள்ள முடிகிறது. 1996இல் மாதர் சாசனம் திருத்தப்பட்டு, அவர்களுக்குத் திருமண உரிமையும் கிடைத்தது. ஆக, அறுவைச் சிகிச்சைதான் அந்த உரிமைகளுக்கு வாசல். ஆனால் 2015இல் தொடங்கிய மெடிஷீல்டு லைஃப் காப்புறுதியின் விலக்குப் பட்டியலில், அழகுக்கான அறுவைச் சிகிச்சையோடு இதுவும் இருக்கிறது.

அட்டையை மாற்ற வேண்டுமானால் கட்டாயம். கட்டணம் என்று வந்தால் அவரவர் விருப்பச் செலவு. இது என்ன நியாயம்?

"என் சந்தாப் பணத்தில் ஏன்?" என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். காப்புறுதி என்பதே ஊர் கூடித் தேர் இழுப்பதுதானே! புகைப்பவரின் நுரையீரல் சிகிச்சைக்கும் நம் சந்தா உதவுகிறது. அதை யாரும் குறை சொல்வதில்லை. இந்தச் சிகிச்சையை நாடுவோரோ மிகச் சிலர்.

இந்தியாவில் 2019ஆம் ஆண்டு இயற்றப்பட்ட திருநர் உரிமைச் சட்டம், இச்சிகிச்சைச் செலவுக்குக் காப்புறுதித் திட்டம் வேண்டும் என்றே எழுதியது. நம்மால் ஏன் முடியாது?

மருத்துவர் அவசியம் என்று சான்றளித்தால் காப்புறுதியும் அதை ஏற்க வேண்டும் என்பதே என் கருத்து. 'திருநங்கை', 'திருநம்பி' என்று பெயரில் திருவைச் சேர்த்தோம். அந்த மரியாதை மருத்துவமனைக் கட்டணச் சீட்டிலும் தெரியட்டும்.