இருபது யூரோக் கத்தியும் லா சப்பல் மெற்றோவும்

கோடை விடுமுறை கிட்ட வந்தால் எனக்கு வருகிற கேள்விகளில் பாதி கூடாரத்தைப் பற்றி, மீதி கத்தியைப் பற்றி. “பிள்ளை சாரணர் முகாமுக்குப் போகுது, பட்டியலில கத்தி எண்டு இருக்கு, எதை வாங்கிறது?” “குடும்பமா அல்ப்ஸ் பக்கம் போறம், சமைக்க, தடி சீவ, கயிறு அறுக்க எல்லாத்துக்கும் ஒரே கத்தி போதுமோ? கனக்கச் செலவழிக்க ஏலாது.” நல்ல கேள்விகள்தான். ஆனால் பின்னாலேயே இன்னொன்றும் வரும், பெரும்பாலும் தாய்மாரிடமிருந்து: “எங்கட பெடியன்ர பைக்குள்ள கத்தி இருக்கலாமோ?” அதற்கும் வருகிறேன். முதலில் கத்தி.

மடக்குக் கத்தியை (ஊரில் வில்லுக்கத்தி என்பார்கள்) இங்கே எல்லோருக்கும் தெரியும். பிரெஞ்சுக்காரர் வீட்டு மேசை லாச்சியில் ஒரு ஓப்பினல் கிடக்கும். 1890இல் சவோய் மலைப்பக்கத்தில் ஜோசப் ஓப்பினல் செய்யத் தொடங்கியது. கழுத்தில் திருகிப் பூட்டுகிற அந்த வளையம் 1955இல்தான் வந்தது. பாண் வெட்ட, சீஸ் வெட்ட, அப்பிள் சீவ அதுவே போதும். ஆனால் ஈரத்தில் மரப்பிடி ஊதி, கத்தி திறக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். மூட்டுக்குள் மண்ணும் ஜாமும் போனால் கழுவுவது பெரிய வேலை. சின்னக் கைகள் மடிக்கும்போதுதான் விரலை வெட்டிக்கொள்கின்றன. அதனால்தான் மடியாத, உறையில் போடுகிற கத்தியைச் சொல்கிறேன். அசையும் பாகம் ஒன்றும் இல்லை. உடைய ஒன்றும் இல்லை. மென்பொருள் எழுதுகிறவனுக்கு அது பிடிக்காமல் போகுமா?

நான் வைத்திருப்பது சுவீடனின் மோறா கொம்பானியன். மோறா என்பது ஊர்ப்பெயர். அந்தப் பக்கத்துக் கத்தி வேலை பல தலைமுறைப் பழமையானது. விலை 15 முதல் 20 யூரோ சொச்சம். முதல்முறை அதை மேசையில் வைத்தபோது அப்பா எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது சத்தகம்தானே தம்பி.”

“சுவீடன் சத்தகம் அப்பா.”

“எவ்வளவு?”

விலையைச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் கட்டைவிரலைக் கூருக்குக் குறுக்கே மெல்ல வைத்துப் பார்த்துத் தலையாட்டினார். அப்பா எந்தப் பொருளையும் அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை.

சத்தகம் தெரியாத பிள்ளைகளுக்காக: யாழ்ப்பாணத்து வீடுகளில் இருந்த சின்னக் கைக்கத்தி அது. அதில் காம்புச்சத்தகம் என்று ஒரு வகை உண்டு. ஒரு பக்கம் வெட்டும். மறுபக்கத்து இரும்புக் காம்பு ஊசிபோலக் கூராக இருக்கும். பனையோலையில் பெட்டி இழைக்கும்போது ஓலையை வார்ந்ததும் அதே கருவிதான், இடுக்கால் ஓலையைக் கோத்ததும் அதே கருவிதான். ஊர்க் கொல்லர் அடித்துக் கொடுத்தது, ஒரு வீட்டுக்கு ஒன்று, பல வருசத்துக்குப் போதும். ‘பல வேலைக்கும் ஒரு மலிவான கத்தி’ என்று இப்போது நாங்கள் தேடுவதை அம்மம்மாமார் கொட்டப்பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார்கள்.

சரி, கடையில் எதைப் பார்ப்பது?

நீளம். அலகு 9 முதல் 11 சென்ரிமீற்றருக்குள் இருக்கட்டும். கொம்பானியன் 10ஐச் சற்றுத் தாண்டும். இதைவிட நீண்டால் உருளைக்கிழங்கு தோல் சீவ முடியாது, தடியில் நுணுக்க வேலை செய்ய முடியாது. குட்டையானால் பாண் வெட்டக் கஷ்டம். லா சப்பல் கடைகளில் மீன் வெட்டவும் பலாக்காய் பிளக்கவும் தொங்குகிற பெரிய கத்திகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு 10 சென்ரிமீற்றர் விளையாட்டுச் சாமான்போலத் தெரியும். பரவாயில்லை, கையில் எடுத்துப் பாருங்கோ. ஒன்று மட்டும்: இதன் முதுகால் தேங்காய் உடைக்க வெளிக்கிடாதேங்கோ. அதற்கு இந்தக் கத்தியில் பாரம் இல்லை.

தடிப்பு. கத்தி விற்கிறவர்கள் தடித்த அலகைப் பெருமையாகக் காட்டுவார்கள். கொம்பானியன் 2.5 மில்லிமீற்றர்தான். அதே கத்தியின் பாரவேலை வகை 3.2. தடித்தது பலம், ஆனால் கரட் வெட்டினால் வெட்டாது, பிளக்கும். குடும்பமாகக் கூடாரம் அடிக்கிறவர்கள் பத்தில் எட்டுத் தடவை வெட்டப்போவது சாப்பாடு. மெல்லிசை வாங்குங்கோ.

இரும்பு இரண்டு வகை. காபன் உருக்கு சீக்கிரம் கூர் ஏறும், ஆனால் கழுவித் துடைக்காமல் விட்டால் விடியும்போது துரு. தேசிக்காய் வெட்டினால் நீலக்கறுப்பாகும், வீட்டில் இருந்த பழைய அரிவாள்போல. அதில் எனக்குத் தனி ஆசை உண்டு. ஆனால் பிள்ளைகளோடு போகிறவர்களுக்குத் துருப்பிடியாத உருக்குத்தான். ஈரத்தோடு உறைக்குள் போய்விடும், யாரும் கவனிக்க மாட்டார்கள்.

இனி, இணையத்தில் சண்டை பிடிக்கிற விஷயம்: அலகின் இரும்பு பிடியின் கடைசி வரை போக வேண்டுமா? கொம்பானியனில் போகாது, பிடிக்குள் பாதிவழி தாண்டி நின்றுவிடும். முழுதாகப் போகிற கத்தி வேண்டுமென்றால் விலை சட்டென ஏறும்; மோறாவின் கார்பெர்க் பல மடங்கு. எதற்காக அந்தப் பலம்? கத்தியை விறகில் வைத்து முதுகில் தடியால் அடித்துப் பிளப்பதற்கு. எதற்காகப் பிளப்பது? நெருப்பு மூட்ட. பிரான்சில் காட்டிலிருந்து 200 மீற்றருக்குள் காணிச் சொந்தக்காரர் அல்லாதவர் நெருப்பு மூட்டக்கூடாது என்பது வனச் சட்டம். ஃபொந்தெனப்ளோ காட்டுக்குள்ளும் நெருப்புக்கு இடமில்லை. எங்கள் சோறு காஸ் அடுப்பில்தான் வேகும். செய்ய முடியாத ஒரு வேலைக்காக 60, 80 யூரோ கூடக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தக் காசுக்கு நல்ல தூங்கும் பை வரும், இரவு பிள்ளை நடுங்காது.

வாங்கக் கூடாதது எது என்று கேட்டால் பதில் சுலபம்: முதுகில் வாள்பல் உள்ளது, பிடிக்குள் திசைகாட்டி ஒளித்து வைத்தது, முழுக்கக் கறுப்பாக இராணுவக் கோலத்தில் இருப்பது. முதல் இரண்டும் வேலைக்கு ஆகாது. மூன்றாவதை ஏன் வேண்டாம் என்கிறேன் என்பது கீழே. பிடி செம்மஞ்சளாகவோ சிவப்பாகவோ இருக்கட்டும், புல்லுக்குள் விழுந்தாலும் தெரியும். உறை பிளாஸ்ரிக்காக இருந்து, கத்தி உள்ளே போகும்போது ‘டிக்’ என்று பிடிக்க வேண்டும். தலைகீழாக உலுப்பிப் பாருங்கோ. விழுந்தால் அந்த உறை வேண்டாம். முடிந்தால் கையில் பிடித்துப் பார்த்து வாங்குவது நல்லது. ரூ டெஸெகோல் பக்கம் பல கடைகளாகப் பரந்திருக்கும் ஓ வியூ கம்பேரில் ஒரு சனிக்கிழமை போய்ப் பார்க்கலாம்.

தீட்டுவது பற்றிப் பயப்படத் தேவையில்லை. இந்தச் சுவீடன் கத்திகளில் கூர்ச்சரிவு அகலமாக, தட்டையாக இருக்கும். அந்தச் சரிவை அப்படியே தீட்டுக்கல்லில் படிய வைத்தால் கோணம் தானாகவே சரியாக இருக்கும். ஆயிரம் எண் கல் ஒன்று, தண்ணீர், பத்து நிமிடம். கல் இல்லையென்றால் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் பளபளப்புப் பூசாத வளையத்தில் தீட்டலாம். மழுங்கின கத்திதான் கையை வெட்டும். அழுத்த வேண்டியிருப்பதால் வழுக்கும்.

இப்போது தாய்மாரின் கேள்வி.

பிரெஞ்சுச் சட்டத்தில் ‘உள்ளங்கை அளவுக்குக் குறைந்தால் பிரச்சினை இல்லை’ என்று ஒரு விதி இருப்பதாகப் பலர் நம்புகிறார்கள். அப்படி எந்த அளவும் இல்லை. மடக்கும் கத்தியா மடியாததா என்பதும் காப்பாற்றாது. சட்டம் கேட்பது ஒன்றைத்தான்: இந்த நேரத்தில், இந்த இடத்தில், இதை வைத்திருக்க நியாயமான காரணம் என்ன? மொத்தீவ் லெஜிதீம். காட்டுக்கு நடக்கப் போகிறோம் என்பது காரணம். ‘தற்பாதுகாப்புக்கு’ என்பது காரணமே இல்லை, சொன்னால் நிலைமை மோசமாகும். காரணம் இல்லாவிட்டால் உச்சத் தண்டனை ஒரு வருடச் சிறையும் 15,000 யூரோவும். நடைமுறையில் பொலிஸ் 500 யூரோ தண்டம் எழுதி முடிக்கலாம், ஆனால் அது குற்றப்பதிவிலும் ஏறும். பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கிற சித்தப்பாமார் கவனிக்கவும். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு அந்தத் தண்டச்சீட்டு வழி கிடையாது. தாய் தகப்பனைக் கூப்பிடுவார்கள், விஷயம் சிறுவர் சட்டத்தின் கீழ் போகும்.

சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான். மறிக்கப்படுவது எல்லோரும் இல்லை. 2017 ஜனவரியில் பிரான்சின் உரிமைக் காப்பாளர் அலுவலகம் வெளியிட்ட ஆய்வில், கறுப்பராகவோ அரபியராகவோ பார்க்கப்படும் இளைஞர்கள் பொலிஸ் சோதனைக்கு ஆளாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட 20 மடங்கு என்று வந்தது. தமிழரை அந்த ஆய்வு தனியாக எண்ணவில்லை. ஆனால் கார் து நோர் வாசலில் நிற்கிற பெடியனின் ஊர், மொழி விசாரித்துவிட்டு யாரும் மறிப்பதில்லை.

இதோடு எங்கள் சொந்தக் கதையும் உண்டு. 2000களில் லா சப்பலில் தமிழ் இளைஞர் குழுக்கள் வாளும் கத்தியுமாக மோதிக்கொண்டதை அந்தத் தெருவில் வளர்ந்த நாங்கள் மறக்கவில்லை. அந்த நாட்களில் ரூ காயில் சாமான் வாங்கப் போன அம்மா, கடையை விட்டு வெளியே வரமுதல் இரண்டு பக்கமும் பார்ப்பா. ஊரிலிருந்து இன்றைக்கும் வாள்வெட்டுச் செய்தி வருகிறது. ‘கத்தி’ என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் வீடுகளில் ஒரு அமைதி விழுவது அதனால்தான். பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுத் தாத்தா பேரனுக்கு ஓப்பினல் பரிசளிக்கும்போது விழாத அமைதி.

என் முடிவு இதுதான், ஒத்துக்கொள்ளாதவர்கள் எழுதுங்கோ: கத்தி வேலை தெரியாமல் பிள்ளையை வளர்க்க நான் தயாரில்லை. என் மகள் எட்டு வயதில் முனை உருண்ட ‘மோன் பிறெமியே ஓப்பினல்’ பிடித்தாள், பத்து வயதில் மோறா. இருந்துகொண்டுதான் சீவ வேண்டும், முழங்காலுக்கு வெளியே, உடம்புக்கு எதிர்ப்புறமாக, கையை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் யாரும் இருக்கக் கூடாது. ஆனால் காட்டுக்கும் வீட்டுக்கும் இடையில் கத்தி என்னுடையது. அவளுடைய பைக்குள் அது ஒருபோதும் போகாது. மகன் பதினாறு வயதில் நண்பர்களோடு தனியாகப் போகக் கேட்டாலும் கத்தியைக் கொடுத்துவிட மாட்டேன். அவனுடைய வெள்ளைக்கார நண்பன் கொண்டுபோவான். ‘இது அநியாயம் அப்பா’ என்பான். அநியாயம்தான், ஓமெண்டுதான் சொல்லுவன்.

கார் து நோரிலிருந்து எர் எர் டேயில் ஷாந்தியி காட்டுக்குப் போகும்போது நான் செய்வது: கத்தி உறைக்குள், உறை ஒரு துவாய்க்குள், துவாய் பையின் அடியில், மேலே சாப்பாட்டுப் பெட்டியும் மழைக்கோட்டும். கறுப்பு வேண்டாம், செம்மஞ்சள் பிடி வேண்டும் என்று சொன்னேனே, இங்கேதான் அது உதவும். யாராவது பையைத் திறக்கச் சொன்னால், வெளியே வருவது உருளைக்கிழங்கோடு வந்த ஒரு சமையல் சாமான்போல இருக்க வேண்டும். சாரணர் முகாம் என்றால் முதலில் பொறுப்பாளரிடம் கேளுங்கோ, பல குழுக்கள் மடக்குக் கத்தி மட்டும்தான் விடும். மடியாத கத்திக்கு ஓமென்றால் நீங்களே கொண்டுபோய் அவர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கோ.

எல்லை தாண்டுகிறவர்களுக்கு இரண்டு வரி. லண்டன் மாமா வீட்டுக்குப் போகும்போது இதை வீட்டிலேயே விடுங்கோ. அங்கே காரணமில்லாமல் வைத்திருக்கக் கூடியது 3 அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டில்லாத மடக்குக் கத்தி மட்டும்தான். ஜேர்மனியில் 12 சென்ரிமீற்றரைத் தாண்டிய மடியாத கத்திக்குத் தடை, அதனால் 10 சென்ரிமீற்றர்க் கத்தி அந்த எல்லைக்குள் நிற்கும்; ஆனாலும் ரயில் நிலையங்களிலும் விழாக்களிலும் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு, போகமுதல் பாருங்கோ. விமானத்தில் கையோடு கொண்டுபோகும் பையில் வேண்டவே வேண்டாம்.

கடைசியாக, ஞாயிறு இரவு. களைத்துப்போய் வந்து பையை மூலையில் எறிந்துவிட்டுப் படுக்கத்தான் மனம் வரும். அதற்குமுதல் கத்தியை எடுத்துக் கழுவி, துடைத்து, உறையையும் காயவிட்டு, குசினியில் பிள்ளைகளுக்கு எட்டாத லாச்சியில் வைத்துவிடுங்கோ. திங்கள் காலை அதே பையில்தான் மடிக்கணினி போகும், அதே லா சப்பல் மெற்றோவில்தான் நீங்கள் ஏறுவீர்கள்.