சயாம் ரயில்பாதையும் பத்தாம் வகுப்பும்

இரண்டாம் உலகப் போர் என்றதும் நம் மாணவர்கள் ஹிட்லர், ஹிரோஷிமா என்று ஒப்பிப்பார்கள். சயாம் மரண ரயில்பாதை பற்றிக் கேட்டால் விழிப்பார்கள். 1942-43இல் சயாமையும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவையும் இணைக்க ஜப்பானிய ராணுவம் போட்ட 415 கிலோமீட்டர் பாதைக்காக, மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டுபோகப்பட்டனர். சிலரிடம் நல்ல கூலி என்று ஆசைகாட்டினார்கள். பலரை வலுக்கட்டாயமாக லாரியில் ஏற்றினார்கள். காலராவில் சுருண்டவர்கள் மூங்கில் கொட்டகைகளில் கிடக்க, வேலை நிற்கவில்லை. தாய்லாந்தின் காஞ்சனபுரியில், அதே பாதையில் வேலைவாங்கப்பட்டு இறந்த நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. தமிழர்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த கல்லறை வரிசை இல்லை. உயிர் தப்பியவர்கள் சொன்னவை நூல்களாகவும் ஒலிப்பதிவுகளாகவும் இருக்கின்றன. அவற்றில் ஒன்றையாவது பத்தாம் வகுப்புப் பாடத்தில் அரசு சேர்க்க வேண்டும். மலாயா போய்த் திரும்பிய குடும்பங்கள் வாழும் ஊர்களில், அவர்களின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் ஆசிரியர்கள் வகுப்புக்கே அழைத்துப் பேசவைக்கலாம்.